ஓரம் காயாத கம்பளி

போன வாரம் ஆறுமுகம் மலையிலிருந்து இறங்கி முள்ளுக்குறிச்சிக்கு என்னைத் தேடி வந்தார். நான் வேலையை விட்ட பிறகு ஆஸ்பத்திரிச் சலவைக்கு என் இடத்தில் வந்தவர். கக்கத்தில் ஒரு படுக்கை விரிப்பு இருந்தது. வந்ததும் வராததுமாக அதை என் முன்னால் விரித்தார். நடுவில் ஒரு கிழிசல். தலையை உள்ளே விட்டால் அங்கியாகவே மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவு தாராளம்.

"எட்டு மாசந்தானுங்கண்ணா ஆச்சு. துணி ரேஷன் கூப்பனுக்கு அலஞ்சு வாங்குனது. இப்ப வார துணியே மட்டமுங்க" என்றார்.

விரிப்பை முகர்ந்து பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கிப் பிழிந்திருக்கிறார்கள். இழையெல்லாம் கோணிக்கொண்டு கிடந்தது. மடிப்பு விழுந்த கோட்டில் வெளிச்சம் சல்லடையில் வருவதுபோல் வந்தது. ஓரத்தில் இரண்டு துருக்கறை. ஆணியில் மாட்டிக் காயப்போட்ட புண்ணியவான் யாரோ தெரியவில்லை. எட்டு மாதம் தாங்கியதற்கே அந்தத் துணிக்கு மாலை போட வேண்டும்.

"துணி மட்டமில்ல ஆறுமுகம்" என்றேன். மீதியைச் சொல்லவில்லை. மனிதர் அரை நாள் நடந்து வந்திருக்கிறார்.

அவர் வந்த காரியம் இதுதான். துணி நீடித்து உழைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சலவைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிக்கொள்வார்களாம். சுவரில் ஒட்டினால் சுவர் இறங்கி வந்து துவைத்துக் கொடுக்குமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு தாளில் அடங்காது, என் போக்கில் எழுதித் தருகிறேன், ஒட்டுவதோ அடுப்பில் போடுவதோ உங்கள் இஷ்டம் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் குடும்பத்துக்கு வெளுப்பதுதான் வேலை. எட்டு வயதில் துறைக்குப் போனேன். உவர்மண் கரைப்பது, வெள்ளாவி வைப்பது, கஞ்சி, நீலம் எல்லாம் இருபது வயதுக்குள் கைக்கு வந்துவிட்டது. என் படிப்பு அவ்வளவுதான். அதில் பாதி தப்பு என்று மலைக்கு வேலைக்குப் போன முதல் நாளே ஒரு அம்மாள் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி செம்மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. ஓடு வேய்ந்த நீளக் கட்டடம், பன்னிரண்டு கட்டில், பின்னால் ஓர் ஓடை. மருந்தோ துணியோ எது வேண்டுமானாலும் கீழிருந்து ஆள் தலையில் ஏறித்தான் வர வேண்டும். டாக்டர்கள் வருவார்கள், இரண்டு மழைக்காலம் பார்ப்பார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஓடாமல் இருந்தவர் தலைமை நர்ஸ் கிருபை அம்மாள். திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான உடம்பு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் மெதுவாகப் பேசினாலே எதிரில் நிற்பவனுக்கு வேர்க்கும்.

முதல் நாள் ஓடையில் விரிப்புகளை அடித்துக்கொண்டிருந்தேன். என் அடிக்கு எதிர்ப்பக்கத்து மலை பதில் சொன்னது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாரி, உனக்கு அந்தக் கல்லு மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்கம்மா. அடிச்சாத்தானுங்க அழுக்குப் போவும்."

"கல்லு ஒடைக்கணும்னா ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்காங்க, அங்க போ. இங்க துணிக்குத்தான் ஆள் வேணும்."

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் துவைத்த விரிப்பு ஒன்றை எடுத்துவந்து வெயிலில் பிடித்துக் காட்டினார். அடிபட்ட இடமெல்லாம் கொசுவலை. அழுக்கை எடுப்பது ஊறல்தான், அடி இல்லை என்றார். மூன்று தலைமுறையாகக் கல்லில் அடித்த குடும்பத்தில் பிறந்தவனிடம், கையில் ஒருநாளும் அழுக்குத் துணி எடுக்காத நர்ஸ் அம்மாள் சொல்கிறார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் சொன்னபடி ஒரு மாதம் செய்தேன். பொய்யாகவில்லை. அந்த எரிச்சல் எனக்கு வருஷக்கணக்கில் இருந்தது.

சரி, ஆறுமுகம் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் பட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடு. வெந்நீரில் போட்டால் ரத்தம் வெந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் நீ தலைகீழாக நின்றாலும் போகாது. பருத்தி விரிப்புக்குச் சாம்பல் தண்ணீர் போதும். சாம்பலைச் சலித்து, கரைத்து, தெளியவைத்து, மேல்தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள். அடிமண்டியையும் சேர்த்து ஊற்றும் சோம்பேறிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் துவைத்த துணியில் படுத்தவன் முதுகு சொறிந்தே செத்தான். பிழியும்போது முறுக்காதே. மடித்து, உள்ளங்கையால் அமுக்கு. தண்ணீர் தானாக இறங்கும். இறங்கவில்லையென்றால் நீ அவசரப்படுகிறாய் என்று அர்த்தம்.

காயப்போடுவதில்தான் மலையில் பாதி வேலை. வெயில் நாளில் வெள்ளையை மட்டும் வெயிலில் போடு, சாயத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் போடு. கொடிக்கு மூங்கில் கழிதான். ஆணி, கம்பி எல்லாம் துணியைத் தின்னும். முள் செடிமேல் விரிப்பவனை என்ன சொல்வது, அவனுக்கு மாட்டைக் குளிப்பாட்டும் வேலை கொடுக்கலாம். பனிமூட்டம் இறங்கிவிட்டால் கொட்டகைக்குள் கழி கட்டி, கீழே கரித்தணல் சட்டி வைக்க வேண்டும். புகை கூடாது. மலைக்காரர்கள் அடுப்புக்கு மேலே பரணில் துணியைப் போட்டு எடுப்பார்கள். காய்ந்துவிடும், ஆனால் துணி கருவாட்டு நிறத்தில் வரும். "அது துணியா, உப்புக்கண்டமா?" என்று நான் கேட்காத மலைக்காரன் இல்லை.

துணி காய்ந்ததா என்று அம்மாள் பார்க்கும் விதம் தனி. அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி, மடிப்புக்குள் இருக்கும் பாகத்தை மேலுதட்டில் வைத்துப் பார்ப்பார். "குளிர்ல மரத்த கைக்கு ஈரம் தெரியாது மாரி, ஒதட்டுக்குத் தெரியும்" என்பார். ஈரத்தோடு அடுக்கிய துணி மூன்றாம் நாள் கப்பு வாடை அடிக்கும், அடுத்த வாரம் பூஞ்சணம் புள்ளி வைக்கும், புள்ளி வைத்த இடம் தொட்டால் பொடியும். அதனால் அவர் சட்டம் ஒன்றே ஒன்று. ஈரத்துணி வார்டுக்குள் போகக் கூடாது. மடிப்பையும் வாராவாரம் மாற்றி மடிக்கச் சொல்வார். ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டில் இற்றுப்போகும். நடுப்பாகம் நைந்த விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, நன்றாக இருக்கும் ஓரங்கள் நடுவே வரும்படி சேர்த்துத் தைப்பார். ஒரு விரிப்புக்கு அப்படி இரண்டாம் ஆயுசு கிடைக்கும். கையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் கவனிக்கவும். தெரியாதவர்கள் கூப்பனுக்கு அலையவும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கீழே எங்கள் ஊரில் என்னை யாரும் "வாங்க" என்று கூப்பிட்டதில்லை. அழுக்கு மூட்டையை வாசலில் தூக்கிப் போடுவார்கள், "எடுத்துட்டுப் போடா" என்பார்கள். மலையில் நான் ஆஸ்பத்திரிக்காரன். கம்பு, சாமை விளைவிக்கிற மலைக் கவுண்டர்கள்கூட "ஏனுங்க" என்றார்கள். அந்த ஒரு 'ங்க' என் தலைக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. சலவைக் கொட்டகைச் சாவி என் இடுப்பில். அங்கே நான் வைத்ததுதான் சட்டம்.

உலகச் சண்டைக் காலத்தில் ஒரு இளம் டாக்டர் வந்தார். பட்டணத்தில் படித்தவர். எதையும் வெள்ளையாகப் பார்க்க வேண்டும் அவருக்கு. "உங்க சாம்பலையெல்லாம் தூக்கிப் போடுங்க" என்று ஒரு டப்பா பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து வைத்தார். தன் கோட்டுக்கு இரண்டு பங்கு போடச் சொன்னார். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன், எனக்கும் வேடிக்கை பார்க்க ஆசை இருந்தது. கோட்டு கொக்குமாதிரி வெளுத்தது. மூன்றாம் மாதம் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். டாக்டர் அவரை வாசலில் நிறுத்தி, "அதோ பாருங்கள் சார், அந்த உச்சி வரைக்கும் நம் நோயாளிகள்தான்" என்று கையை நீட்டினார். டர்ரென்று ஒரு சத்தம். கோட்டு அக்குளிலிருந்து இடுப்பு வரை வாயைத் திறந்தது. மேலதிகாரி உச்சியைப் பார்க்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு துணி விஷயத்தில் என்னிடம் வாய் கொடுப்பதை அவர் குறைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஐப்பசியில் நோயாளிகள் கம்பளிகளில் சீலைப்பேன் பிடித்தது. மொத்தம் பன்னிரண்டு சிவப்புக் கம்பளிகள். சண்டை முடியும் வரை இன்னொன்று வராது என்று மேலிடத்திலிருந்து எழுதிவிட்டார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கொதிக்க வைக்கச் சொன்னார்.

"கொதிக்க வச்சா பேனுஞ் சாவுமுங்க, கம்பளியுஞ் சாவுமுங்க. சுருங்கிப் பொம்மைக்குப் போத்தறாப்பல ஆயிருமுங்க" என்றேன்.

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு."

சொன்னேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் நுரை எடுத்து, வேப்பெண்ணெய் கலந்து கம்பளியை ஊறப்போட வேண்டும். கசக்கக் கூடாது, கையால் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். அதே சூட்டுத் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு கொடியில் தொங்கவிடாமல் பாயில் படுக்கவைத்துக் காயவிட வேண்டும். தொங்கினால் ஈரக் கனத்தில் கம்பளி இழுபட்டு உருமாறிவிடும். டாக்டர் தலையாட்டினார். கிருபை அம்மாள் மட்டும் ஒன்று சொன்னார்.

"ஆறு இப்ப, ஆறு பெறகு போடு மாரி. வானத்த நம்பாத."

"பாதிய உட்டம்னா அதுல இருக்கற பேனு இதுல ஏறிக்குமுங்கம்மா. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போடோணும்."

நியாயமான பேச்சுதான். தொழில் தெரிந்தவன் பேச்சுதான். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பன்னிரண்டையும் போட்டேன். மத்தியானம் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. வந்தது நான்கு நாள் நகரவில்லை.

பாய்களைக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டேன். தணல் சட்டிகள் வைத்தேன். மணிக்கொருமுறை கம்பளிகளைப் புரட்டினேன். சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. வார்டில் நோயாளிகளுக்குச் சாக்கைப் பிரித்துக் கொடுத்தார்கள், அவரவர் வீட்டிலிருந்து வந்த பழைய சேலையைப் போர்த்தினார்கள். இரண்டாம் நாள் அம்மாள் மருந்து வாங்கக் கீழே இறங்கினார். மூட்டத்தில் பாதை தெரியாமல் கீழேயே தங்கிவிட்டார்.

நான்காம் நாள் மத்தியானம் கொட்டகை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். வார்டில் ஏழாம் கட்டிலில் சளிக் காய்ச்சலோடு கிடந்த சடையக் கவுண்டரின் மகள் சீரங்காயி. கொட்டகைக்குள் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றாள். நான் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று ஊருக்கே தெரியும்.

"ஏனுங்க, எங்கப்பனுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க. சாக்கு பத்தலீங்க. கம்பளி ஒண்ணே ஒண்ணு குடுத்தீங்கன்னாப் போதுமுங்க."

"இன்னும் காயல. நாளைக்கு மத்தியானம் வா."

"டாக்டரைக் கேட்டனுங்க. துணி சங்கதி எல்லாம் உங்களத்தான் கேக்கோணும்னு சொல்லிப்போட்டாருங்க."

எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுந்துபோய் ஒரு கம்பளியைத் தூக்கி உதட்டில் வைத்துப் பார்த்தேன். நடுப்பாகம் காய்ந்திருந்தது. ஓரத்தில், துணி இரண்டாக மடிந்து தைத்திருக்கும் இடத்தில், ஈரம் இருந்தது.

"ஓரம் ஈரம்" என்றேன்.

"பரவால்லீங்க. நாங்க மழையில நனைஞ்ச சாக்கப் போத்திக்கிட்டுப் பன்னிக் காவலுக்குப் படுக்கறவங்கதானுங்க. ஓரந்தானுங்க."

"பரவால்லையா? அதான் உங்க ஊட்டுத் துணியெல்லாம் கருவாடாட்டக் கெடக்குது. ஈரத்துணி சீக்காளிக்கு ஆவாது. எனக்கே சொல்லித் தாரயா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தணலைக் கிளறினேன். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

ஈரத்துணி நோயாளிக்கு ஆகாது என்று அவளிடம் சொன்னேன். நிஜம் அது இல்லை. ஓரம் ஈரமாக இருக்கும் கம்பளியை நடுங்குகிறவன் இழுத்து இழுத்துப் போர்த்துவான், ஓரம் நெளிந்து உருமாறிவிடும், நான்கு நாள் நான் பட்ட பாடு வீணாகிவிடும் என்றுதான் நினைத்தேன். இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. அந்த ஒரு கம்பளியின் ஓரத்தில் மட்டும் பெட்டியை ஓட்டியிருந்தால் கால் மணி நேரத்தில் காய்ந்திருக்கும். ஈர ஓரத்தில் சூடு வைத்தால் விளிம்பு அலையலையாகும் என்று வைக்கவில்லை. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் கம்பளிதான்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகக் கம்பளிகளைத் தொட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் காய்ந்திருந்தன. ஓரம்கூடச் சுக்காகக் காய்ந்திருந்தது. மடிக்கிறபோதே சீரங்காயி வாசலில் வந்து நின்றாள். நானே முந்திக்கொண்டு, "காஞ்சிருச்சு, எடுத்துக்க" என்றேன்.

"அப்பன் போயிட்டாருங்க" என்றாள். "கோழி கூப்புடறப்ப."

மடித்துக்கொண்டிருந்த கம்பளியைப் பாய்மேல் வைத்தேன். அவளே மேலே பேசினாள்.

"ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போறமுங்க. மேல போடக் கோடித் துணி எங்கயும் கெடைக்கல. கடையில கூப்பன் கேக்கறாங்க. இந்தக் கம்பளிய மேல போட்டு எடுத்துக்கட்டுங்களா? மண்ணுல படாமப் பாத்துக்கறனுங்க. அழுக்குப் பண்ணாமத் திருப்பித் தந்துடறனுங்க."

அவள் அழவில்லை. நான் மறுத்துவிடுவேனோ என்ற கவலைதான் முகத்தில் இருந்தது. கம்பளியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு நாலு பேர் போனார்கள். சிவப்புக் கம்பளி மூட்டத்துக்குள் கொஞ்ச தூரம் தெரிந்தது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருந்தது, பத்துக் கம்பளி போர்த்தியிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றார். கோட்டு கிழிந்ததைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அவர் செய்த உபகாரம் அது. அந்த டாக்டர் சொன்ன எதையும் அதுவரை நான் நம்பியதில்லை. இதை மட்டும் நம்ப மிகவும் ஆசைப்பட்டேன்.

அடுத்த நாள் கிருபை அம்மாள் மேலே வந்து சேர்ந்தார். யார் சொன்னார்களோ, நேராகக் கொட்டகைக்கு வந்தார். நனைந்த குடையைக்கூட மடக்கவில்லை.

"அந்தப் பொண்ணு கேட்டப்ப தொட்டுப் பாத்தியா?"

"பாத்தனுங்கம்மா. ஓரம் ஈரமா இருந்துச்சுங்க."

"நடுவுல?"

"காஞ்சிருந்துச்சுங்க."

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். நீங்கள் வைத்த சட்டம்தானே அம்மா என்று பதிலும் வைத்திருந்தேன்.

"ஓரத்த வெளிப்பக்கம் மடக்கி விட்டுப் போத்தியிருக்கலாமே, மாரி" என்றார். அவ்வளவுதான். வார்டுக்குப் போய்விட்டார்.

இருபத்தாறு வருஷம் துணிக்கு வழி கண்டுபிடித்தவன் நான். துருக்கறைக்கு எலுமிச்சம்பழம் தெரியும், எண்ணெய்ப் பிசுக்குக்குக் கடலைமாவு தெரியும், யார் எப்படிக் கெடுத்த துணியானாலும் ஒரு யுக்தி வைத்திருந்தேன். ஒரு ஓரத்தை மடக்கிவிடத் தெரியவில்லை. பச்சைப் பிள்ளைக்குத் தோன்றும் யோசனை. கம்பளி கெடாமல் இருந்தால் போதும் என்று இருந்த எனக்கு அது தோன்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது. அந்த மலையில் நான் இளக்காரமாகப் பேசாத ஆள் இல்லை. அன்றைக்கு நான் எல்லாரையும்விடக் கேவலமாக நின்றேன்.

மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு இரவல் வாங்கிப்போன துணியை அப்படியே திருப்பித் தர மாட்டார்கள். தீட்டோடு கொடுத்தால் கொடுத்தவர்களுக்கு ஆகாது என்று தாங்களே ஓடையில் துவைத்துக் காயவைத்துத்தான் தருவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். கம்பளியை அவள் வாங்கிக்கொண்டபோது, "தொவைக்காம அப்படியே கொண்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். துணியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு அந்த நேரத்தில் அவளிடம் துணியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

எட்டாம் நாள் சீரங்காயி வந்தாள். வாழை இலையில் பொதிந்து, நாரால் கட்டி, தலைமேல் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அன்றைக்கு நல்ல வெயில். அப்போதும் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றாள். நானே வெளியே போனேன்.

கட்டைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. சாம்பலைப் போட்டுக் கொதிக்க வைத்து, கல்லில் மனங்கொண்ட மட்டும் அடித்திருக்கிறாள். ஆறடிக் கம்பளி இடுப்புயரத்துக்குக்கூட வராது. மயிரெல்லாம் ஒன்றோடொன்று அப்பி, பலகைபோல் விறைத்து நின்றது. வேறு யாராவது என் கம்பளியை அப்படிக் கொண்டுவந்திருந்தால் செம்மேட்டுச் சந்தை வரைக்கும் என் சத்தம் கேட்டிருக்கும்.

"எத்தன வாட்டி இழுத்து உட்டாலும் கொஞ்சம் சின்னதாவே நிக்குதுங்க" என்றாள். "ஆனா நல்லா அடிச்சுத் தொவச்சனுங்க. ரெண்டு நாளுப் பாறையில போட்டுட்டு நானும் கூடவே உக்காந்திருந்தனுங்க. ஈரமே இல்லீங்க. ஓரத்தத் தொட்டுப் பாருங்க, ஓரமெல்லாங்கூட நல்லாக் காஞ்சிருக்குதுங்க."

தொட்டுப் பார்த்தேன். ஓரம் காய்ந்துதான் இருந்தது.

"நல்லாக் காஞ்சிருக்குதுங்க அம்மிணி" என்றேன். "சரியாத்தான் தொவச்சிருக்கீங்க."

அவள் முகத்திலிருந்த பயம் அப்போதுதான் போனது. "அப்பப் போயிட்டு வாரனுங்க" என்று கும்பிட்டாள். என்னைப் போய்க் கும்பிட்டாள்.